எந்த எச்சரிக்கைக்கு எழுந்திருப்பது? வடசென்னைத் தெருக்களுக்கு ஓர் ஒப்பீடு

அக்டோபர் பிறந்தால் வடசென்னையின் வாட்ஸாப் குரூப்புகளில் வேறு பேச்சே கிடையாது. 'ஆரஞ்சு அலர்ட்' என்று ஒரு படம் வரும். ரேடார் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒருவர் அனுப்புவார். புழல் ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று ஒரு குரல் பதிவு சுற்றும். அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து முழங்கால் தண்ணீரில் நிற்கும் பைக்கின் போட்டோ. இத்தனையில் எதைப் பார்த்துத் தரைத்தளத்துப் பெரியவர்களை மாடிக்கு ஏற்றுவது? எதைப் பார்த்துக் கடையை அடைப்பது? எதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளலாம்? எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு எச்சரிக்கையையும் எடுத்து, எவ்வளவு நம்பலாம் என்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், மணலி புதுநகர், எண்ணூர் பக்கமுள்ள மற்ற சங்கங்களுக்கும் பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே எச்சரிக்கையை எல்லாக் காரியத்துக்கும் நம்ப முடியாது. செலவில்லாத காரியங்களுக்கு வானிலை மையத்தின் நிற அறிவிப்பு போதும். ஆட்களை நகர்த்துவதற்கு உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே உள்ள கால்வாயின் நீர்மட்டம் வேண்டும். மணலி பக்கம் இருப்பவர்கள் ஏரி திறப்பு அறிவிப்பை இந்த இரண்டுக்கும் மேலாக வைக்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது

'சரியாகச் சொன்னார்களா' என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். 1884-ல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி, சூறாவளிச் சுழல்காற்று வருமா வராதா என்று 2,803 கணிப்புகள் செய்தார். 96.6 சதவீதம் சரி என்று கணக்கு வந்தது. பிரமாதமாகத்தான் தெரிகிறது. ஆனால் சுழல்காற்று உண்மையில் வந்தது 51 தடவைதான். தினமும் கண்ணை மூடிக்கொண்டு 'வராது' என்று சொல்லியிருந்தாலே 98.2 சதவீதம் கிடைத்திருக்கும். அதே ஆண்டிலேயே கில்பர்ட் என்ற நிலவியலாளர் இதற்கு வேறு அளவுகோல் வேண்டும் என்று எழுதினார். இன்றைக்கும் வெள்ள எச்சரிக்கையை அளப்பவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

வழி எளிது. நான்கு கட்டம் போடுங்கள். எச்சரித்தார்கள், தண்ணீர் வந்தது. எச்சரித்தார்கள், வரவில்லை. எச்சரிக்கவில்லை, வந்துவிட்டது. எச்சரிக்கவும் இல்லை, வரவும் இல்லை. நான்காவது கட்டத்தை விட்டுவிடுங்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் அதில்தான் விழும், அதுதான் எல்லாச் சதவீதத்தையும் அழகாகக் காட்டும். மீதி மூன்றிலிருந்து இரண்டு கேள்வி கேட்கலாம். தண்ணீர் வந்த நாட்களில் எத்தனைக்கு முன்கூட்டியே சொன்னார்கள்? சொன்ன நாட்களில் எத்தனை வீணாகப் போனது? ஃபின்லி 100 தடவை 'வரும்' என்று சொன்னதில் 28 தடவைதான் வந்தது. வந்த 51-ல் 23-ஐ அவர் தவறவிட்டார். 96.6 என்ற எண்ணுக்குள் இது தெரியவே இல்லை.

இதோடு தெரு மட்டத்தில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும். செய்தி வந்ததற்கும் வாசலில் தண்ணீர் ஏறியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைத்தது? அந்தச் செய்தி, வேண்டியவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா? உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, மழை கொட்டிய ஆறு மணி நேரத்துக்குள் எழும் வெள்ளம்தான் திடீர் வெள்ளம். நம் தெருக்களில் அது ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடும். ஆகவே எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னார்கள் என்பதைவிட, சொன்ன நேரத்தில் நாம் விழித்திருந்தோமா என்பதுதான் பெரிய கேள்வி.

நிற அறிவிப்பு

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லோருக்கும் பழக்கம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை.

இதன் பலம் நேரம். புயலோ தாழ்வு மண்டலமோ என்றால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அறிவிப்பு நன்றாக முன்கூட்டியே வந்தது. அந்த விஷயத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பலவீனம் இடம். அறிவிப்பு மாவட்டத்துக்கு ஒன்று. 2018-ல் எல்லை விரிந்த பிறகு சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டர். கத்திவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் ஒரே நிறம்தான். ஒரு பக்கம் கொட்டும்போது இன்னொரு பக்கம் தூறல்கூட இல்லாத நாட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதுபோக, 10 சென்டிமீட்டர் மழை நாள் முழுக்கப் பெய்வது வேறு, இரண்டு மணி நேரத்தில் பெய்வது வேறு. முதலாவதைக் கால்வாய் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது வீட்டுக்குள் வரும். நிறம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

இரண்டு பக்கமும் தவறியதற்கு நம் கண்முன்னே சாட்சி உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று மதியத்துக்கு மேல் சென்னையில் கொட்டித் தீர்த்த மழைக்கு முந்தைய நாள் அறிவிப்பில் எந்த அடையாளமும் இல்லை. ஆபீஸ் விட்டுக் கிளம்பியவர்கள் ராத்திரி வரை நடுரோட்டில் நின்றார்கள். 2024 அக்டோபர் 16-க்கு சிவப்பு எச்சரிக்கை இருந்தது, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டதால் நகரத்தில் மழை பெரிதாக இல்லை. அன்று பலர் வானிலை மையத்தைத் திட்டினார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடு இல்லை. முந்தைய நாள் 15-ஆம் தேதி புளியந்தோப்பும் பட்டாளமும் தண்ணீரில் நின்றதை வைத்துப் பார்த்தால், மறுநாளுக்குத் தயாராக இருந்தது நியாயம்தான். அடுத்த சிவப்பு எச்சரிக்கையை யாரும் மதிக்காமல் போய்விடுவார்களோ என்பதுதான் என் கவலை.

மூன்று மணி நேர அறிவிப்பும் ரேடாரும்

'அடுத்த மூன்று மணி நேரத்தில் சென்னை, திருவள்ளூர்...' என்று டிவியில் ஓடுமே, அது. சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் வந்த டாப்ளர் ரேடாரும் ஸ்ரீஹரிகோட்டா ரேடாரும் இதற்குக் கண்கள். வடகிழக்குப் பருவமழையில் மேகக்கூட்டம் கடலிலிருந்து கரைக்கு வருவதால் ரேடாரில் அது நெருங்குவதைப் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்காலம் இடியோடு வரும் மழைக்கும் இதுதான் கைகொடுக்கும். அங்கே முந்தைய நாள் நிறத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், நகர்ந்து வரும் மேகத்தை ரேடார் அழகாகக் காட்டும். ஒரே இடத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக மேகம் வந்து அங்கேயே கொட்டித் தீர்க்கும்போது, அது எப்போது ஓயும் என்று படத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். நம் பக்கம் வெள்ளம் வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட ராத்திரிகளில்தான். 2021 நவம்பர் 6 ராத்திரி தொடங்கி 7 காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஊர் தூங்கும் நேரம். அந்த நேரத்தில் மூன்று மணி நேர அறிவிப்பு எத்தனை தடவை வந்தாலும் படிக்க ஆள் வேண்டுமே. பிரதீப் ஜான் போன்ற தனிநபர் கணிப்பாளர்களின் பதிவுகள் மொழி எளிமையில் ரொம்ப உதவுகின்றன. ஆனால் அதுவும் போன் திரையில்தான் வருகிறது.

கணினி மாதிரிக் கணிப்புகள்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பு 2020 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கப்பட்டது. மண் ஏற்கெனவே எவ்வளவு ஊறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு மழையைத் தாங்கும் என்று கணக்கிட்டு, ஆறு மணி நேரம் முன்னால் அபாயத்தையும் 24 மணி நேரம் முன்னால் வாய்ப்பையும் சொல்லும். ஒரு கணிப்பு 4 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர் பரப்புக்கு. மலைச்சரிவு ஓடைகளுக்கு அருமையான கருவி. வியாசர்பாடியில் ஊறுவதற்கு மண் எங்கே இருக்கிறது? எல்லாம் சிமென்ட். தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை மண்ணைவிட அடைபட்ட மேன்ஹோலும் கால்வாய்ச் சுவரும்தான் முடிவு செய்கின்றன. சென்னைக்கென்றே தேசியக் கடலோர ஆய்வு மையம் 2019-ல் கொண்டுவந்த வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு கடல்மட்டத்தையும் ஏரிகளையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால் நமக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டுமே அதிகாரிகள் பம்பை எங்கே வைப்பது, படகை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பதற்கு ஏற்றவை. ஒரு தெரு சங்கம் இதை நேரடியாக நம்பி இயங்க முடியாது.

ஏரி திறப்பு

மணலி பக்கத்துக்காரர்கள் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். புழல் ஏரி நிரம்பி உபரி நீர் திறந்தால் அது நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. பூண்டி திறந்தால் தாமரைப்பாக்கம், சீமாவரம், நாப்பாளையம், இடையான்சாவடி, மணலி புதுநகர் என்று கொசஸ்தலை ஆற்றோடு வருகிறது. ஆந்திராவில் அம்மபள்ளி அணையைத் திறந்தால் அதுவும் கடைசியில் பூண்டிக்குத்தான்.

எச்சரிக்கை என்ற வகையில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. மழை வருமா வராதா என்ற ஊகம் கிடையாது. தண்ணீரைத் திறந்தார்கள் என்றால் திறந்தார்கள், எத்தனை கன அடி என்று எண்ணோடு வருகிறது. பூண்டியிலிருந்து வருவதற்குப் பல மணி நேரம் ஆகும், ஆகவே மூட்டை முடிச்சைக் கட்ட அவகாசம் உண்டு.

ஆனாலும் இரண்டு ஓட்டை. முதலாவது, வினாடிக்கு 500 கன அடி என்றால் நம் வாசலில் எவ்வளவு உயரம் என்பதை அறிவிப்பு சொல்வதில்லை. 2021 நவம்பர் 7-ல் புழலில் 500 கன அடியில்தான் திறப்பைத் தொடங்கினார்கள். மழை தொடர்ந்தால் அந்த எண் படிப்படியாக ஏறும். முதல் அறிவிப்பைப் பார்த்து 'கொஞ்சம்தானே' என்று நினைத்தவர்கள் அடுத்தடுத்த அறிவிப்பைத் தவறவிடுகிறார்கள். இரண்டாவது, கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏறி நிற்கும்போதும், புயல் கடலைக் கரைப் பக்கம் தள்ளும்போதும் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அதே 500 கன அடி அன்றைக்கு வேறு வெள்ளம். எண்ணூர் மீனவர்களுக்கு இது மனப்பாடம். அறிவிப்பில்தான் இருப்பதில்லை. சங்கத்தில் யாராவது ஒருவர் காலண்டரில் அந்த நாட்களை முன்கூட்டியே குறித்து வைத்தால் ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்று செய்யலாம். நேபாளத்தில் கர்ணாலி ஆற்றங்கரையில் மேல்பகுதியில் அளவுகோலைப் பார்க்கும் ஆள், கீழ்பகுதிக் கிராமங்களுக்கு நேரடியாகப் போன் செய்கிறார். நமக்கும் சீமாவரத்திலோ வடபெரும்பாக்கத்திலோ தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் கண்ணால் பார்த்துச் சொல்வது நமக்கு எந்தச் செயலியையும்விட நிச்சயமானது.

கால்வாய் ஓரத்து அளவுகோல்

ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், பக்கிங்காம் கால்வாய். வடசென்னையின் உள்பகுதித் தெருக்களுக்கு ஏரி திறப்பைவிட இவைதான் எஜமான். இங்கே இரண்டு வழி இருக்கிறது. மின்னணு உணரி (சென்சார்) வைப்பது, அல்லது பாலச் சுவரில் பெயின்டால் கோடு போட்டு ஆள் வைத்துப் பார்ப்பது.

உணரி ராத்திரியும் தூங்காது, எண்ணைத் தானே அனுப்பும். மீயொலி உணரி விலை குறைவு. ஆனால் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் மிதக்கும் கால்வாயில் அது குப்பையின் மேல்பரப்பைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அழுத்த உணரியைச் சேறு மூடும். ரேடார் உணரி இரண்டையும்விட நம்பகமானது, விலை அதிகம். எதுவானாலும் பேட்டரி, சிம், டவர் மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். பராமரிக்க ஆளும் ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு தெரு சங்கம் உணரி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அடுத்த மழைக்கு முன்பே அது செத்துக் கிடக்கும், ஆனால் அது பார்த்துக்கொள்கிறது என்ற நினைப்பில் நாம் தூங்கிவிடுவோம். தவறான தைரியம் எச்சரிக்கையே இல்லாததைவிட ஆபத்து.

பெயின்ட் கோட்டுக்கு ஆகும் செலவு ஒரு டப்பாவும் ஒரு பிரஷ்ஷும்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு. எந்த உயரத்தில் சிவப்பு என்பதைப் பழைய வெள்ளத்திலிருந்து எடுங்கள். 2015, 2021, 2023 தண்ணீர்த் தடம் இன்னும் பல வீட்டுச் சுவரில் இருக்கிறது. கால்வாயில் எவ்வளவு ஏறினால் தண்ணீர் தெருவுக்குத் திரும்பி வருகிறது என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த அக்காக்களுக்குத் தெரியும், அவர்களைக் கேட்டுக் கோடு போடுங்கள். சிவப்பைத் தொட்டதற்கும் முதல் வீட்டு வாசலில் ஏறியதற்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று முதல் இரண்டு பெருமழையில் குறித்துக்கொண்டால், உங்கள் தெருவுக்கென்று ஒரு எண் கிடைத்துவிடும். வேறு எந்த அமைப்பாலும் அந்த எண்ணைத் தர முடியாது.

ஒரு கண்டிப்பு. கோடு, யாருடைய வீட்டு ஜன்னலிலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ டார்ச் அடித்தால் தெரிய வேண்டும். ராத்திரியில் தண்ணீருக்குள் நடந்து போய்ப் பார்க்கிற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். திறந்த மேன்ஹோலும் அறுந்த மின்கம்பியும் நம் பிள்ளைகளை எத்தனையோ தடவை கொண்டுபோயிருக்கின்றன.

இதன் குறை, கிடைக்கும் நேரம் குறைவு. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோதான். வீண் எச்சரிக்கை மட்டும் அநேகமாக இருக்காது. சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் தெருவுக்கு வருவது உறுதி.

எதற்கு எது

வீண் எச்சரிக்கையின் வலி, அதைக் கேட்டு என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பைக்கை மேட்டுத் தெருவில் விடுவதற்கு 50 ரூபாய் சிரமம், விடாமல் தண்ணீர் ஏறினால் 5,000 ரூபாய் ரிப்பேர். நூற்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே நகர்த்துவது லாபம். டிபன் கடையை மூடினால் 2,000 ரூபாய் போகும், மூடாமல் தண்ணீர் வந்தால் 4,000 ரூபாய்ச் சரக்கு கெடும். பாதிக்குப் பாதி நிச்சயம் இல்லாமல் மூடக்கூடாது. தினக்கூலிக்குப் போகிறவரிடம் ஒவ்வொரு ஆரஞ்சு அலர்ட்டுக்கும் வீட்டிலேயே இருக்கச் சொல்வது அநியாயம்.

ஆகவே ஆரஞ்சு வந்தாலே வண்டி மேட்டுக்குப் போகட்டும், போன்களில் சார்ஜ் ஏறட்டும், மருந்தும் ரேஷன் கார்டும் பரணுக்குப் போகட்டும், அன்றைக்கு ராத்திரி யார் முழித்திருப்பது என்று முறை போடுங்கள். இதற்கெல்லாம் எத்தனை வீண் எச்சரிக்கை வந்தாலும் பரவாயில்லை. மூன்று மணி நேர அறிவிப்பில் நம் பக்கம் வந்தால், முறைக்காரர் எழுந்து கோட்டைப் பார்க்கத் தொடங்க வேண்டும். மஞ்சள் கோட்டில் கடைச் சரக்கும் ஃபிரிட்ஜும் மேலே ஏறலாம். சிவப்பில் ஆட்கள். படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் பெரியவர்கள் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் ஒரு படி முன்னால், மஞ்சளிலேயே. சடையான்குப்பம், மணலி புதுநகர் மாதிரி இடங்களில் ஏரி திறப்பே இந்தச் சிவப்புக்குச் சமம். அங்கே கோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

செய்தி போய்ச் சேரும் வழியைத் தனியாக யோசியுங்கள். மிக்ஜாம் நேரத்தில் கரண்ட் போனது, பின்னாலேயே டவரும் போனது. முன்னறிவிப்பு முழு மதிப்பெண் வாங்கிய புயலில்தான் எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் வீடுகளுக்குள் நின்றது, உதவி கேட்கப் போன் வேலை செய்யவில்லை. 2023-ல் பலருடைய போனில் திடீரென்று அலறிய அரசின் அவசரகாலச் சோதனைச் செய்தி முறை நல்லது, நம்பர் தேவையில்லை, நெரிசலிலும் போய்ச் சேரும். டவர் இருக்கும் வரைதான். அதற்குப் பிறகு விசில், கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கதவைத் தட்டும் கை. எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது என்று பெயரோடு எழுதி வையுங்கள். மாநகராட்சியின் 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 இரண்டையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.

பதிவு வைப்பதற்கு ஒரு நோட்டு போதும். தேதி, எந்த எச்சரிக்கை, எத்தனை மணிக்குக் கேட்டோம், கோடு எங்கே, தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம். மழையளவை எழுதும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். வானிலை மையத்தின் ஒரு நாள் என்பது காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. ராத்திரி பெய்த மழை அடுத்த நாள் கணக்கில் வரும். இதைத் தெரியாமல் எழுதினால் சரியான எச்சரிக்கைகூடத் தவறினதாகத் தெரியும்.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கொசஸ்தலை வடிநிலப் பகுதியில் புதிய மழைநீர் வடிகால்கள் போடப்பட்டு வருகின்றன. முன்பு 8 சென்டிமீட்டருக்கு மூழ்கிய தெரு இப்போது தாங்கலாம். வடிகால் வந்து சேரும் இடத்துத் தெருவுக்கு முன்பைவிடச் சீக்கிரம் தண்ணீர் வரலாம். அதனால் வடிகால் வேலை முடிந்த தெருக்களில் நோட்டைப் புதுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பழைய தடங்களை வைத்துப் போட்ட சிவப்புக் கோட்டையும் முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.